உளுத்துப் பிளந்த பெருமரத்தைச் சாய்ப்பது: அறிகுறி பார்த்துச் செய்ய வேண்டியவை

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. அதற்குப் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கமெல்லாம் மாதக்கணக்கில் மோட்டார் ரம்பச் சத்தம் ஓயவில்லை. விழுந்த தென்னைகளைப் பற்றி ஊரே பேசியது. விழாமல் நின்றுவிட்ட மரங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தூங்குமூஞ்சி, புளி, மா, வேம்பு என்று கவட்டையில் கீறல் விட்டபடி நின்றவை ஏராளம். அந்தக் கீறல் வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, பூஞ்சாணம் பிடித்து, வெளியே பச்சையும் உள்ளே மாவுமாக இன்று நிற்கின்றன. அப்படிப்பட்ட மரத்தைச் சாய்க்கச் சொல்லி வருகிறவர்களுக்காகவும், ரம்பம் பிடிக்கத் தெரிந்த தம்பிகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம் புரிய வேண்டும். கெட்டி மரத்தைச் சாய்க்கும்போது, விழவேண்டிய பக்கத்தில் ஆப்பு வடிவத்தில் ஒரு வாய் வெட்டுகிறோம். பிறகு பின்பக்கமிருந்து அறுத்து வருகிறோம், அது பின்வெட்டு. இரண்டுக்கும் நடுவில் அறுக்காமல் விடுகிற மரப்பட்டிதான் கீல். கதவு எப்படிக் கீலில் திரும்புமோ அப்படி மரம் அந்தப் பட்டியில் மடிந்து, நாம் நினைத்த இடத்தில் விழுகிறது. தண்டின் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு கீலுக்குக் கணக்கு. 3 அடிக் குறுக்களவு என்றால் சுமார் மூன்றரை அங்குலம். உளுத்த மரத்தில் அந்த மூன்றரை அங்குலம் மரமாக இருக்காது, சக்கையாக இருக்கும். திசை காட்ட ஆள் இல்லை. பிளந்த மரத்தில் இன்னும் மோசம், கீலே இரண்டு துண்டாகக் கிடக்கும். கீழே சொல்வது எல்லாமே இந்த ஒரு குறையை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி ஈடுகட்டுவது, எப்போது ஈடுகட்ட முடியாது என்பதைப் பற்றித்தான்.

தட்டினால் "தொம் தொம்" என்று கேட்கிறது

ரம்பம் வண்டியிலேயே இருக்கட்டும். கோடாரியின் பின்புறத்தால் தண்டைச் சுற்றி, முழங்கால் உயரத்தில் ஒரு சுற்று, மார்பு உயரத்தில் ஒரு சுற்று தட்டுங்கள். கெட்டி மரம் "டக்" என்று கையை உதறவைக்கும். உள்ளே பொந்து இருந்தால் காலிக் குதிரில் தட்டியது போலக் கேட்கும். சத்தம் மாறுகிற இடத்தையெல்லாம் சுண்ணாம்பால் குறியுங்கள். சுற்றி முடித்ததும் எந்தப் பக்கம் கெட்டி, எந்தப் பக்கம் ஓட்டை என்று ஒரு படமே கண்முன் நிற்கும்.

சந்தேகம் வந்த இடத்தில் நீளமான, மெல்லிய துரப்பணம் ஒன்றால் துளை போட்டுப் பாருங்கள். கெட்டி மரத்தில் எதிர்ப்பு இருந்துகொண்டே இருக்கும், சுருள் சுருளாக வெளிர்த்தூள் வரும். திடீரென்று கை உள்ளே போனால் அதுதான் ஓட்டின் கனம். தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்காவது கெட்டி ஓடு இருக்க வேண்டும் என்பது மரம் பார்ப்பவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். 4 அடிக் குறுக்களவுத் தண்டுக்கு ஆரம் 24 அங்குலம், ஓடு 8 அங்குலம் வேண்டும். ஆனால் இது சுற்றிலும் மூடியிருக்கும் பொந்துக்குத்தான் பொருந்தும். ஒரு பக்கம் பொந்து வெளியே திறந்திருந்தாலோ, பிளவு இருந்தாலோ அந்தக் கணக்கை நம்பாதீர்கள். மூடிய மூங்கிலுக்கும் பிளந்த மூங்கிலுக்கும் உள்ள வித்தியாசம் இது.

பொந்து அடிப்பகுதியோடு நின்றுவிட்டால், வெட்டை மேலே ஏற்றிக் கெட்டியான இடத்தில் போடலாம். ஆனால் மார்புக்கு மேலே ரம்பத்தைத் தூக்கி அறுக்கக் கூடாது. ஏணியில் நின்று அறுக்கவே கூடாது. கெட்டியான இடம் அதற்கும் மேலே என்றால், அந்த மரம் தரையில் நின்று அறுக்கிற மரம் இல்லை, கிரேன் வேலை.

அடித்தூரில் காளான், சுற்றிலும் மண்ணில் வெடிப்பு

தூரை ஒட்டி விசிறி மாதிரி கெட்டிக் காளான் முளைத்திருந்தால் வேரும் அடித்தண்டும் உள்ளே உளுத்துக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். தென்னை வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமானது. 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பிறகு நம் பகுதியில் கவனத்துக்கு வந்து, தஞ்சாவூர் வாடல் என்றே பெயர் பெற்ற நோயும் இதே கேனோடெர்மா காளான் வகையால் வருவதுதான். அடித்தண்டில் செம்பழுப்பு நீர் கசிந்தால் அந்தத் தென்னையில் ஆள் ஏற்றாதீர்கள்.

காளானை விட எனக்கு அதிகம் பயம் தருவது மண். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண்ணில் அரைவட்டமாக வெடிப்பு விட்டிருக்கிறதா, மேடு தட்டியிருக்கிறதா என்று பாருங்கள். காற்று வீசும்போது அந்த வெடிப்பு மூச்சு விடுவது போல் திறந்து மூடினால், வேர் பிடிப்பு போய்விட்டது. இந்த மரத்தில் வாய் வெட்டும்போதே மரம் தூரோடு புரளலாம். கிட்டப் போகாமல், தொலைவிலிருந்து இழுத்துச் சாய்ப்பதுதான் வழி. ஐப்பசி கார்த்திகையில் மண் ஊறியிருக்கும்போது இது இரட்டிப்பு உண்மை. ஆடிக்காற்றடிக்கும் மதியத்தில் எந்தப் பழுது மரத்தையும் தொடாதீர்கள். விடிந்ததும் காற்று எழுவதற்குள் வேலையை முடிப்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டு நீளவாக்கில் பிளந்து நிற்கிறது

இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஒரு குளக்கரைப் புளியமரம். கவட்டையில் ஆரம்பித்த பிளவு ஆள் உயரத்துக்குக் கீழே வரை இறங்கியிருந்தது. என் உள்ளங்கை செங்குத்தாக உள்ளே போகும் அகலம். அது பழைய பிளவா, இன்னும் விரிகிற பிளவா என்பதுதான் கேள்வி. குளத்திலிருந்து ஈரக் களிமண் எடுத்து, பிளவுக்குக் குறுக்கே மூன்று இடத்தில் விரல் கனத்துக்கு அப்பினோம். பக்கத்தில் ஒரு துடைப்பக் குச்சியை அளவாக ஒடித்துப் பிளவுக்குள் இறுக்கமாகச் செருகினோம். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் மேலே இருந்த களிமண் நடுவில் மயிரிழை போல் கீறியிருந்தது, நடுவிலிருந்தது நன்றாகவே வாய் திறந்திருந்தது, குச்சி கீழே கிடந்தது. ஒரே இரவில், பெரிய காற்றே இல்லாமல். அந்த மரத்தை நாங்கள் அடியில் அறுக்கவில்லை. கிரேன் வைத்து மேலிருந்து துண்டு துண்டாக இறக்கினோம். மரக்காரருக்குச் செலவு அதிகம்தான். ஆனால் விரிந்துகொண்டிருக்கும் பிளவுக்குக் கீழே குனிந்து அறுக்க நான் யாரையும் அனுப்புவதில்லை.

களிமண் இரண்டு மூன்று நாள் கீறாமல் இருந்தால், வெயிலில் காய்ந்து வரும் பொடி வெடிப்பை இதோடு குழப்பிக்கொள்ளாமல், அடுத்த கேள்விக்குப் போகலாம்: பிளவு எந்தத் திசையில் ஓடுகிறது?

விழும் திசைக்கு நேர் பின்னால் நின்று பாருங்கள். இரண்டு பாதியும் இடம் வலமாகத் தெரிந்தால் பரவாயில்லை. இரண்டுமே கீலில் உட்கார்ந்திருக்கும், கட்டிப்போட்டால் ஒன்றாக மடியும். ஒரு பாதி முன்னாலும் ஒரு பாதி பின்னாலுமாக, பிளவு உங்களுக்குக் குறுக்கே ஓடினால் அதுதான் ஆளைக் கொல்லும் நிலை. பின்வெட்டுப் போடப் போட, முன்பாதி சாயத் தொடங்கும். பின்பாதி பிளவு வழியாகக் கிழிந்து மேலே எழும்பி, அறுப்பவரின் முகத்துக்கும் மார்புக்கும் நேராக உதைத்து வரும். விலக நேரமே இருக்காது. ஆகவே விழும் திசையைத் தேர்ந்தெடுக்க இடம் இருந்தால், பிளவு ஓடும் வாக்கிலேயே விழுகிற மாதிரி தேர்ந்தெடுங்கள். அதற்கு இடமில்லை என்றால் கிரேனுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

கட்டுவது பற்றி: நைலான் கயிறு இதற்கு ஆகாது, இழுபட்டுக்கொடுக்கும். லாரியில் சரக்கு இறுக்கும் இரும்புச் சங்கிலி, நெம்புகோல் இறுக்கியோடு வேண்டும். கவட்டைக்குச் சற்றுக் கீழே ஒன்று, பிளவின் நடுவில் ஒன்று, பின்வெட்டு வரும் இடத்துக்கு மேலே ஒரு சாண் விட்டு ஒன்று. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று சுற்று சுற்றி, தொட்டால் கம்பி மாதிரி விறைப்பாக இருக்கும்வரை இறுக்குங்கள். மேலேயுள்ள கட்டைப் போட மரத்தில் ஆள் ஏறக் கூடாது. பிளந்த மரத்தில் ஏறியவர் தன் எடையையும் ஆட்டத்தையும் அந்தப் பிளவுக்குக் கொடுக்கிறார். ஆள் தூக்கி வண்டி வரும் இடமென்றால் அதில் நின்று கட்டலாம், இல்லையென்றால் கீழிருந்து எட்டும் கட்டுகள் மட்டும்தான், அது போதாது என்று தோன்றினால் போதாதுதான்.

முடிந்த இடத்தில் வெட்டுவதற்கு முன்பே தலைப்பாரத்தைக் குறைத்துவிடுங்கள். தூங்குமூஞ்சி மரம் குடை மாதிரி பக்கவாட்டில் பரவும். பிளவைப் பிரித்து இழுப்பதே அந்தக் கிளைகளின் எடைதான். கிரேனில் தொங்கவிட்டு இரண்டு பெரிய கிளைகளை இறக்கியதும் பிளவு தானாகவே ஒரு விரல் மூடிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் மட்டும் இறக்கினால் எடை மறுபக்கம் சாயும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அறுக்கும்போது தூளின் நிறம் மாறுகிறது

ரம்பத்தின் அடியில் விழும் தூளைப் பார்த்தபடியே அறுக்க வேண்டும். வெளிர்நிறத்தில், துருவல் மாதிரி விழுந்தால் நல்ல மரம். மூக்குப்பொடி நிறத்தில் பொடியாக விழத் தொடங்கினால் உளுத்த இடத்துக்குள் நுழைந்துவிட்டீர்கள். ரம்பம் திடீரென்று எடையில்லாமல் ஓடும். கறுப்பு நீர் வடிந்தால் உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கிறது.

வாய் வெட்டும்போதே இது தெரிந்தால் நல்லகாலம். நின்று, வெட்டிய வாயின் உள்பக்கத்தை அரிவாள் நுனியால் குத்திப் பாருங்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் நாலு விரல் அகலத்துக்காவது கெட்டி மரம் இருந்தால், நடுவில் பொந்து இருந்தாலும் அந்த இரண்டு காதுகளும் கீல் வேலையைச் செய்யும். அப்போது வாயை ஆழமாக வெட்டாதீர்கள். குறுக்களவில் ஐந்தில் ஒரு பங்கு போதும். கீலை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கனமாக விடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கெட்டி, மறுபக்கம் சக்கை என்றால் மரம் கெட்டிப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு விழும். ஒரு மாமரத்தில் இதைக் கவனிக்காமல் போய், நினைத்ததற்கு முக்கால்வாசி பக்கவாட்டில் விழுந்து ஒரு மோட்டார் கொட்டகையை நொறுக்கினோம். உள்ளே ஆள் இல்லை. பத்து நிமிடம் முன்னால் வரை தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு ஒரு அம்மா அங்கேதான் நின்றார்கள். அன்றிலிருந்து, மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் எங்கள் ஆட்களைத் தவிர ஒருவரும் இருக்கக் கூடாது என்பதை நான் விட்டுக்கொடுப்பதில்லை. உளுத்த மரம் விழும்போது தலை ஒடிந்து தனியாகப் பறக்கும், ஒரு உயரம் தள்ளி நிற்பது போதாது.

"டப்" என்று சத்தம், அல்லது வெட்டுக்கு மேலே கீறல் ஓடுகிறது

ரம்பத்தை வெளியே எடுக்க நினைக்காதீர்கள். அப்படியே விட்டுவிட்டு விலகுங்கள். ரம்பம் போனால் வாங்கிக்கொள்ளலாம். நேர் பின்னால் ஓடக் கூடாது, தண்டு அந்தப் பக்கம்தான் உதைக்கும். பின்பக்கம் சாய்வாக, இடப்புறமோ வலப்புறமோ, 45 பாகையில் போகிற வழியை ரம்பத்தை ஓட்டுவதற்கு முன்பே செதுக்கிச் சுத்தம் செய்து வைத்திருக்க வேண்டும். ஒரு முறை நடந்தும் பார்த்திருக்க வேண்டும்.

இந்த வேலைக்கு எப்போதும் இரண்டாவது ஆள் ஒருவர், அறுக்காமல், மரத்தின் மேல்பகுதியை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அறுப்பவருக்குக் காதில் சத்தம், கண்ணில் தூள், ஒன்றும் தெரியாது. "அண்ணே, வாய் தொறக்குது!" என்று அவர் கத்தினால் ஏன் என்று கேட்காமல் விலகுங்கள். சத்தம் கேட்காது என்றால் தோளில் தட்டுவதற்கு ஒரு நீளக் கழி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முன்பக்கம் நன்றாகச் சாய்ந்து நிற்கும் மரத்தில் இந்தக் கிழிசலைத் தவிர்க்க ஒரு முறை உண்டு. பின்னாலிருந்து அறுத்து வராமல், ரம்ப நுனியின் கீழ்ப்பகுதியால் பக்கவாட்டில் குத்தி உள்ளே விட்டு, கீலுக்குப் பின்னாலுள்ள மரத்தை முதலில் அறுத்துவிட வேண்டும். பின்விளிம்பில் கைப்பிடி அகலத்துக்கு மரத்தை விட்டுவைக்க வேண்டும், அதுதான் மரத்தைப் பிடித்திருக்கும் கயிறு. எல்லோரும் விலகிய பிறகு அதை வெளியிலிருந்து வெட்டிவிட்டு நீங்களும் விலகுகிறீர்கள். அந்தப் பிடி கெட்டி மரமாக இருந்தால் மட்டும் இந்த முறை. உளுத்துப்போன பக்கத்தில் பிடி வைத்தால் ரம்பம் உள்ளே இருக்கும்போதே அது அறுந்துவிடும். ரம்ப நுனியின் மேல்பகுதி மரத்தில் பட்டால் ரம்பம் முகத்துக்கு எகிறும். கெட்டி மரத்தில் பலமுறை பழகாதவர்கள் இதைப் பழுது மரத்தில் முதன்முதலாகச் செய்து பார்க்க வேண்டாம்.

ரம்பம் பிடித்துக்கொண்டது, அல்லது பின்வெட்டு முடிந்தும் மரம் நிற்கிறது

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். மரம் பின்னால் உட்கார்ந்துவிட்டது. கெட்டி மரமென்றால் ஆப்பு அடித்துத் தூக்கிவிடலாம். 2 அடிக் குறுக்களவுள்ள, 40 அடி உயர மரத்தில் பின்வெட்டை ஓர் அங்குலம் தூக்கினால் உச்சி சுமார் 20 அங்குலம் நகரும். உளுத்த மரத்தில் ஆப்பு சக்கைக்குள் புதைந்துபோகும், மரம் அசையாது. அடிக்கிற அதிர்வில் மேலே பட்டுப்போன கிளைதான் ஒடிந்து தலையில் விழும். ரம்பத்தை ஆட்டி ஆட்டி எடுக்கப் பார்ப்பதும் அதே ஆபத்து.

அதனால் பழுது மரத்துக்கு இழுகயிற்றை அறுக்க ஆரம்பிப்பதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். கயிறு மரத்தின் உயரத்தை விட அதிக நீளம் இருக்க வேண்டும், இல்லையென்றால் டிராக்டர் மேலேயே மரம் விழும். அறுக்கும்போது கயிறு தொங்காமல் இருக்கும் அளவுக்கு மட்டும் இழுவை. அதிகமாக இழுத்து வைத்துக்கொண்டு அறுத்தால் நாமே தண்டைக் கிழிக்கிறோம். அறுப்பவர் முழுவதுமாக விலகி, கையைக் காட்டிய பிறகுதான் டிராக்டர் நகர வேண்டும்.

கயிறு போடாமல் மாட்டிக்கொண்டீர்களா? கீழே யாரும் போகாமல் வளைத்துக் கட்டிவிட்டு, கிரேனோ ஜேசிபியோ வரும்வரை காவல் இருங்கள். ஜேசிபி வாளியால் அடித்தண்டைத் தள்ளச் சொல்லாதீர்கள், பிளந்த தண்டு நடுவில் ஒடிந்து வண்டிக்காரர் மேல் விழும்.

பாதி விழுந்து பக்கத்து மரத்தில் தொங்குகிறது

தாங்கி நிற்கும் மரத்தை வெட்டாதீர்கள். தொங்கும் மரத்தின் மேல் ஏறாதீர்கள். கீழே நடக்காதீர்கள். அடித்தூரில் சங்கிலி போட்டு, தூரத்திலிருந்து பின்பக்கமாக இழுத்து இறக்க வேண்டும். இதற்கு வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

பொந்துக்குள் இரைச்சல்

தட்டிப் பார்க்கும்போதே காதை வைத்துக் கேளுங்கள். கதண்டு எனும் பெரிய விஷக்குளவியின் கூடு என்றால் 101க்கு அழைத்துத் தீயணைப்புத் துறையினரை வரச் சொல்லுங்கள். ரம்பத்தோடு நிற்பவருக்கு ஓட வழியில்லை. பொந்துத்தேனீ என்றால் தேனீ வளர்ப்பவர்கள் பெட்டியோடு வந்து எடுத்துப்போவார்கள். கிளிக்குஞ்சும் ஆந்தைக்குஞ்சும் இருந்தால், மரம் யார்மேலும் விழும் நிலையில் இல்லாதபட்சத்தில், அவை பறக்கும்வரை காத்திருக்கலாம். நான் காத்திருந்திருக்கிறேன்.

கம்பி, ஆணி, அனுமதி

மின்கம்பி எட்டும் தூரத்தில் இருந்தால், மின்வாரிய ஆள் வந்து நிறுத்தி, நேரில் சொல்லும்வரை தொடக் கூடாது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. சாலையோர மரங்களில் விளம்பரத் தகடு அடித்த ஆணிகளை மரம் விழுங்கியிருக்கும். பட்டையில் வீக்கமும் கறுப்புக் கறையும் தெரிகிற இடத்தைத் தவிருங்கள். சாலையோரமும் புறம்போக்கும் உங்கள் மரம் அல்ல, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். ரம்பம் பிடிக்கும்போது வேட்டி, கைலி, தோளில் துண்டு எதுவும் கூடாது.

வேரோடு சாய்ந்து கிடக்கும் மரம்

விழுந்துவிட்டதே என்று நிம்மதியாக நெருங்குகிற மரம் இது. தண்டை அறுத்து எடை போனதும், தூக்கி நிற்கும் வேர்த்தட்டு மண்ணோடு பழைய குழிக்குள் திரும்பி விழும். அந்தக் குழிக்குள்தான் பிள்ளைகள் விளையாடுவார்கள், அதன் நிழலில்தான் ஆட்கள் சோறு தின்ன உட்காருவார்கள். வேர்த்தட்டை ஜேசிபியாலோ சங்கிலியாலோ பிடித்துக்கொள்ளாமல் அறுக்கக் கூடாது. தூரை ஒட்டி அறுக்காமல் 6 அடித் தண்டாவது விட்டு அறுங்கள்.

இரண்டு முனையும் தாங்கி, நடுவில் தொங்குகிற தண்டில் மேல்பக்கம் நசுங்கியும் கீழ்ப்பக்கம் இழுபட்டும் இருக்கும். முதலில் நசுங்குகிற மேல்பக்கம் கால்பங்கு ஆழம் அறுத்துவிட்டு, பிறகு கீழிருந்து மேலாக முடிக்க வேண்டும். மேலிருந்தே போனால் ரம்பம் சிக்கும். சரிவில் கிடந்தால் எப்போதும் மேட்டுப்பக்கம் நின்று அறுங்கள். உளுத்த துண்டுகளைத் தோப்பு ஓரத்தில் குவித்து வைக்காதீர்கள். காண்டாமிருக வண்டு முட்டையிடுவது அதில்தான், அடுத்த வருடம் அது உங்கள் தென்னங்குருத்தில் இருக்கும். பிளந்து காயவைத்து எரித்துவிடுங்கள். மரம் பெயர்ந்த குழியை மட்டும் அறுத்த அன்றைக்கே மண் போட்டு மூடுங்கள்.